வண்டி நிற்காமல் போகணும்: நெடுந்தூரப் பசுமைக் கார் போட்டிக்குப் பள்ளி அணி தயாராவது எப்படி?

பள்ளி மாணவர்களே ஒரு காரைக் கட்டி, வெயிலையோ ஒரு சின்ன பேட்டரியையோ அளந்து ஊற்றிய எரிபொருளையோ வைத்துக்கொண்டு அதை எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று பார்க்கிற போட்டிகள் பல நாடுகளில் நடக்கின்றன. புதிதாக இறங்கும் அணி முதலில் கேட்கிற கேள்வி, "வண்டி எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, எத்தனை மணி நேரம் நிற்காமல் போகும் என்று கேளுங்கள். நெடுந்தூரப் போட்டியில் பின்தங்கிய அணிகளைக் கவனித்தால், மெதுவாகப் போனதால் பின்தங்கியவர்கள் குறைவு. சாலையோரத்தில் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு எந்த வயர் விட்டுப்போனது என்று தேடிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம்.

இந்தக் கட்டுரை முதல் முறை கலந்துகொள்ளும் பள்ளி அணிக்கும், அந்த அணியிடம் மாட்டிக்கொண்ட ஆசிரியருக்கும். பேட்டரியிலும் சூரிய ஒளியிலும் ஓடுகிற வண்டியை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். எரிபொருள் சிக்கன வண்டிக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் போட்டியைத் தேர்ந்தெடுங்கள், வண்டியை அல்ல

பசுமைக் கார் போட்டி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விளையாட்டுகள் இருக்கின்றன.

ஒன்று, சிக்கனப் போட்டி. ஷெல் ஈகோ-மாரத்தான் இதில் பிரபலமானது. 1939-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒரே அளவு எரிபொருளில் யார் அதிக தூரம் போவது என்று ஷெல் நிறுவன விஞ்ஞானிகளுக்குள் போட்ட பந்தயத்தில் தொடங்கியது. மாணவர் போட்டியாக இப்போதைய வடிவம் 1985-ல் பிரான்ஸில் வந்தது. இங்கே வண்டி உண்மையில் ஓடுவது சில சுற்றுகள்தான். செலவான எரிபொருளை அளந்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுவார்கள். சூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழக அணியின் ஹைட்ரஜன் வண்டி 2005-ல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான ஆற்றலில் 5,385 கி.மீ. என்ற கணக்கை எட்டியது. பல்கலைக்கழகம் என்பதால் மலைக்க வேண்டாம். பிரான்ஸின் நாந்த் நகருக்கு அருகிலுள்ள லா ஜோலிவெரி என்ற மேல்நிலைப் பள்ளியின் 'மைக்ரோஜூல்' வண்டியும் இதே போட்டியில் லிட்டருக்கு 2,500 கி.மீ.க்கு மேல் காட்டி வென்றிருக்கிறது.

இரண்டு, சாலைப் பயணம். ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறக்குறைய 3,000 கி.மீ. போகும் வேர்ல்டு சோலார் சேலஞ்ச் 1987-ல் தொடங்கியது. முதல் ஆண்டு வென்ற ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் மணிக்குச் சராசரியாக 67 கி.மீ. வேகத்தில் போனது. காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்து மணிக்கு, எங்கே இருக்கிறோமோ அங்கேயே சாலையோரத்தில் கூடாரம் போடவேண்டும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே 1990-களில் தொடங்கிய சோலார் கார் சேலஞ்ச் இருக்கிறது. சில ஆண்டுகளில் டெக்சஸில் ரேஸ் டிராக்கிலும், சில ஆண்டுகளில் மாநில எல்லைகளைத் தாண்டிச் சாலையிலும் நடத்துகிறார்கள்.

மூன்றாவது, ஒரே சாமான், ஒரே நேரம். பிரிட்டனின் கிரீன்பவர் போட்டி இந்த வகை. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி மோட்டார், ஒரே மாதிரி பேட்டரி. கொடுத்த நேரத்துக்குள் யார் அதிக தூரம் போகிறார்களோ அவர்கள் வென்றார்கள்.

முதல் ஆண்டில் டிராக்கில் நடக்கும் போட்டிக்கே போங்கள் என்பது என் கருத்து. டிராக்கில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு வந்து பழுது பார்த்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம். நெடுஞ்சாலையில் நின்றால் அன்றைய தினமே போய்விடும். அதோடு, ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான ரோடு டிரெயின் லாரிகள் கடந்துபோகும் சாலையில் ஒரு இலேசான வண்டியை அடிக்கும் காற்றை, முதல் அனுபவமாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

போட்டி முடிவானதும் விதிமுறைப் புத்தகத்தை அச்சிட்டு அணியில் எல்லோரும் படிக்கவேண்டும். அதில் ஒருவரை விதிமுறைப் பொறுப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். "இது விதிப்படி சரியா?" என்று கேட்டால் பக்க எண்ணோடு பதில் சொல்வது அவர் வேலை. பேசாத, விடாப்பிடியான ஒரு பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இதைக் கொடுங்கள். வயது வரம்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஷெல் ஈகோ-மாரத்தானில் 16 வயது நிரம்பியிருக்கவேண்டும். ஓட்டுநரின் எடைக்கும் குறைந்தபட்ச வரம்பு உண்டு. எடை போதாத ஓட்டுநருக்கு வண்டியில் பளு சேர்க்கவேண்டியிருக்கும். விதிகள் ஆண்டுதோறும் மாறும், ஆகவே போன ஆண்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வெல்டிங் ஆரம்பிக்காதீர்கள்.

அணி

பத்திலிருந்து பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அடிச்சட்டம், சக்கரமும் பிரேக்கும், மின்சாரம், வெளிக்கூடு, கணக்கும் உத்தியும், பயண ஏற்பாடு என்று வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூத்த மாணவரையும் ஓர் இளைய மாணவரையும் சேர்த்துவிடுங்கள். பள்ளி அணிக்கு என்றைக்கும் உள்ள சாபம், வேலை தெரிந்தவர்கள் படிப்பு முடித்துப் போய்விடுவது. அடுத்த ஆண்டு அந்த மோட்டார் கன்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை) யார் அமைத்தது, எந்த எண்ணில் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வண்டியின் பக்கத்திலேயே கிடக்கட்டும். இன்று என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது.

ஆசிரியருக்கு ஒரு வார்த்தை. மாணவன் செய்கிற வெல்டிங் கோணலாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவனையே அறுத்து மறுபடி செய்யவிடுங்கள். பேட்டரி, பிரேக், வெட்டும் கருவிகள் ஆகிய மூன்றில் மட்டும் உங்கள் சொல்தான் கடைசிச் சொல்.

பணம் திரட்டும்போது வண்டிக்கான செலவை மட்டும் எழுதிவிட்டு, வண்டியைப் போட்டி நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் செலவை மறக்கிறவர்கள் நிறைய. வெளிநாட்டுப் போட்டி என்றால் லித்தியம் பேட்டரி தனிப் பிரச்சினை. அது அபாயகரமான சரக்கு வகையில் வருகிறது. 160 வாட்-மணிக்கு மேலான பேட்டரியைப் பயணி தன் பையில் விமானத்தில் கொண்டுபோக முடியாது. உங்கள் பேட்டரி அதைப்போல் பல மடங்கு. அதற்கான சரக்குப் பதிவு, காகிதங்கள், பெட்டி எல்லாம் மாதக்கணக்கில் முன்னாலேயே ஆரம்பிக்கவேண்டும்.

ஸ்பேனரை எடுக்குமுன் கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக ஆசையாக இருக்கும், ஆனால் இதுதான் முழு வண்டியையும் தீர்மானிக்கிறது. பதினோராம் வகுப்பு இயற்பியல் போதும்.

சமதளத்தில் சீராகப் போகும் வண்டியை இரண்டு விசைகள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று டயரின் உருளல் தடை. அது எடையைப் பொறுத்தது, வேகம் கூடினாலும் ஏறக்குறைய மாறாது. இன்னொன்று காற்றுத்தடை. வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும்.

ஓட்டுநரோடு 250 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். உருளல் தடைக் கெழு 0.006. இது நல்ல டயர், போதுமான காற்று இருந்தால் கிடைப்பது. காற்றுத்தடைக் கெழுவையும் முன்பக்கப் பரப்பையும் பெருக்கினால் 0.3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்கு இது நியாயமான இலக்கு. இப்போது கணக்குப் போட்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுமார் 410 வாட் தேவை. 50 கி.மீ.க்கு 690 வாட். 60 கி.மீ.க்கு 1,080 வாட். ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் ஆற்றலாகப் பார்த்தால் முறையே ஏறக்குறைய 10, 14, 18 வாட்-மணி. மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் வீணாவது இதில் சேரவில்லை. அதற்கு இன்னும் 15 சதவீதம் போல் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு அணிக்குள் நடக்கிற பாதிச் சண்டைகளைத் தீர்க்கலாம். 50 கி.மீ. வேகத்தில், வண்டியின் எடையில் 10 கிலோ குறைத்தால் மிச்சமாவது வெறும் ஒரு சதவீதம். வெளிக்கூட்டைச் சீராக்கிக் காற்றுத்தடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் மிச்சம் 7 சதவீதம். மலிவான டயரைப் போட்டு அந்த 0.006 என்பது 0.009 ஆகிவிட்டால் 15 சதவீதம் நஷ்டம். போல்ட்டில் துளை போட்டு எடை குறைக்கிறேன் என்று கிளம்புகிற தம்பியிடம் இதைக் காட்டி, டயர் தேட அனுப்புங்கள். மேடான பாதையில் மட்டும் எடைக்கு மவுசு. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு, கண்ணுக்கே தெரியாதது, இந்த வண்டியை 24 நியூட்டன் விசையோடு பின்னால் இழுக்கும். 40 கி.மீ. வேகத்தில் வருகிற மொத்தக் காற்றுத்தடையைவிட அது அதிகம்.

இப்போது நிற்காமல் போவது ஏன் முக்கியம் என்று பார்ப்போம். ஒன்பது மணி நேரத்தில் 450 கி.மீ. போகத் திட்டம், அதாவது 50 கி.மீ. வேகம். வழியில் ஒரு பழுதால் ஒரு மணி நேரம் போச்சு. அதே தூரத்தை எட்டு மணி நேரத்தில் முடிக்க 56 கி.மீ. வேகம் போகவேண்டும். அதற்கு 18 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும், மொத்தமாக ஒரு யூனிட்டுக்கு, அதாவது 1,000 வாட்-மணிக்கு மேல். அந்த ஆற்றலை மாதக்கணக்கில் உரசி உரசி வெளிக்கூட்டிலிருந்து மிச்சம் பிடித்திருப்பீர்கள். ஒரு பஞ்சர் அதை ஒரே அடியில் எடுத்துக்கொள்ளும்.

சூரியத் தகடு எவ்வளவு கொடுக்கும்? உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1,000 வாட். 22 சதவீதத் திறனுள்ள 4 சதுர மீட்டர் தகடு காகிதத்தில் 880 வாட். நடைமுறையில் குறையும், ஏனென்றால் சிலிக்கான் தகடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் இழக்கும். வெயிலில் காயும் தகடு 60 டிகிரி தொட்டால் அதிலேயே 14 சதவீதம் போய்விடும். தகட்டுக்கு அடியில் காற்று போக வழி விடுங்கள்.

உட்கார்ந்து பார்த்துவிட்டு வரையுங்கள்

அடிச்சட்டத்தை வரையும் முன், அட்டையும் மரச்சட்டமும் வைத்து ஓட்டுநர் இருக்கையை முழு அளவில் கட்டிப் பாருங்கள். உயரமான ஓட்டுநரை ஹெல்மெட்டோடு உட்காரவையுங்கள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா, முன்சக்கரத்துக்கு முன்னால் தரை தெரிகிறதா, பிரேக்கை முழுதாக மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெளியே வா!" என்று கத்துங்கள். ஷெல் ஈகோ-மாரத்தானில் ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றி 10 விநாடிக்குள் தானாக வெளியே வந்தாகவேண்டும். இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்கிற வடிவத்தை இரும்பில் கட்டி என்ன பயன்?

மூன்று சக்கரம் என்றால் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. கட்ட எளிது, உருளல் தடையும் பஞ்சர் வாய்ப்பும் குறைவு. சக்கரங்களுக்கிடையே போதிய அகலமும் தாழ்வான எடைமையமும் இல்லாவிட்டால் வளைவில் தூக்கும். நான்கு சக்கரம் கூடுதல் வேலை, கூடுதல் நிம்மதி. எதுவானாலும் முதல் வண்டிக்கு இரும்புக் குழாய் அடிச்சட்டமே நல்லது. கார்பன் இழை பார்க்க அழகுதான். போட்டிக்கு நடுவில் விரிசல் விட்டால் அதைச் சாலையோரத்தில் வெல்டிங் பண்ண முடியாது. ஓட்டுநரின் தலைக்கு மேலே கூண்டுக் குழாய் எவ்வளவு உயரம், எத்தனை முனைப் பெல்ட் என்பதை விதிமுறைப் புத்தகம் சொல்லும். அதில் பேரம் கிடையாது.

வெளிக்கூட்டில் புதியவர்கள் கவனிக்காத இடம் வண்டியின் அடிப்பக்கம். மேலே வழவழப்பாகச் செய்துவிட்டு அடியில் குழாயும் வயரும் தொங்கவிட்டால் காற்றுக்கு அது தெரியத்தான் செய்யும். அடியை ஒரு தட்டையான தகட்டால் மூடுங்கள், சக்கரங்களுக்கும் மூடி போடுங்கள்.

சக்கரம்

சைக்கிள் சக்கரத்தை அப்படியே மாட்டுகிற அணிகளுக்கு ஓர் எச்சரிக்கை. சைக்கிள் வளைவில் சாய்ந்து போகும், ஆகவே அதன் கம்பிகள் பக்கவாட்டுப் பாரத்தை அதிகம் தாங்குவதில்லை. உங்கள் வண்டி சாயாது. வளைவில் முழுப் பாரமும் பக்கவாட்டில் வரும், கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். சின்ன விட்டமும் தடித்த கம்பியும் உள்ள சக்கரமாகவோ இலகு மோட்டார் சைக்கிள் சக்கரமாகவோ பாருங்கள்.

முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓட்டுநரை உட்காரவைத்து, வண்டியைச் சில அடி முன்னே தள்ளி நிறுத்துங்கள். ஒவ்வொரு டயரின் நடுவிலும் முன்பக்கம் ஒரு சாக்பீஸ் கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை, சக்கர மையத்தின் உயரத்தில், மில்லிமீட்டர் வரை அளந்து எழுதுங்கள். வண்டியை அரைச்சுற்று உருட்டினால் அதே கோடுகள் பின்பக்கம் வந்து நிற்கும். மறுபடி அளக்கவேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக வரும்வரை சக்கரங்களை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை-ராடைத் திருகிச் சரிசெய்யுங்கள். பொறுமை வேண்டிய வேலை, அரை நாள் போகும். ஆனால் கோணலான சக்கரம் டயரைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகும். மின்சாரமும் வீண், டயரும் சீக்கிரம் வழுக்கையாகும்.

பிரேக்கில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அமைப்புகள் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று நிறுத்தவேண்டும். போட்டி நடத்துபவர்கள் வண்டியைச் சரிவில் நிறுத்திப் பார்ப்பார்கள், அதனால் நீங்களும் அப்படிச் சோதித்துவிட்டுப் போங்கள்.

மின்சாரம்: நின்றுபோகும் வண்டிகள் இங்கேதான் நிற்கின்றன

மோட்டார் பெரும்பாலும் எரிவதில்லை. பேட்டரியும் திடீரென்று சாவதில்லை. போவது இணைப்புகள். 48 வோல்ட் அமைப்பில் நம் வண்டி 50 கி.மீ. வேகத்தில் சுமார் 17 ஆம்பியர் இழுக்கும். சரியாக அழுத்தப்படாத ஒரு கனெக்டரில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், அந்த ஒரே புள்ளியில் 14 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை வயருக்குள் சொருகிவைத்த மாதிரிதான். பிளாஸ்டிக் இளகும், தடை கூடும், மேலும் சூடாகும். ஏதோ ஒரு மேட்டில் வண்டி நின்றுவிடும்.

ஆகவே கனெக்டர் அழுத்துவதற்கென்று உள்ள சரியான கிரிம்பிங் கருவியை வாங்குங்கள், இடுக்கியால் நசுக்காதீர்கள். அழுத்தியதும் வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் நல்லது, இங்கேயே வந்துவிட்டது. அதிர்வு உள்ள இடத்தில் சால்டரிங் மட்டும் போட்டு விடாதீர்கள். ஈயம் ஏறிய வயர் வளையாது, ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும். ஒவ்வொரு வயரையும் இரண்டு பக்கமும் பிடித்துக் கட்டி, இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டிவையுங்கள். பிறகு 20 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து கனெக்டர்களை வெப்பமானியால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பக்கத்தில் உள்ளதைவிடச் சூடாக இருப்பதை அப்போதே மாற்றிவிடுங்கள்.

லித்தியம்-அயான் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட்தான் உச்சம், வெப்பத்தில் அது கொஞ்சம் நிதானமானது. முதல் ஆண்டுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். எடை கூடினாலும் பரவாயில்லை, கணக்கைத்தான் மேலே பார்த்தோமே. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) கட்டாயம். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் ஃப்யூஸ் இருக்கவேண்டும். ஓட்டுநர் கைக்கு எட்டும்படி ஒன்று, வெளியே நிற்பவர் தட்டும்படி ஒன்று என இரண்டு அவசர நிறுத்த பட்டன்கள் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது. "டீ குடிச்சிட்டு வந்துடறோம் சார்" என்பதும் இதில் அடக்கம்.

சூரியத் தகட்டில் செல்கள் தொடராக இணைந்திருக்கும். ஒரு செல் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதும் சுணங்கும். ஆன்டெனா, கண்ணாடி, ஓட்டுநரின் தலைக்கூடு எதுவும் காலையிலோ மாலையிலோ தகட்டின் மேல் நிழல் போடாதபடி பாருங்கள். தகட்டை வரிசைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எம்.பி.பி.டி. கன்ட்ரோலரும் (தகட்டிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரத்தை எடுக்கும் கருவி) பைபாஸ் டயோடும் (நிழல் விழுந்த செல்லைத் தவிர்த்து மின்சாரத்துக்கு வேறு வழி விடுவது) வைத்தால் ஒரு மூலையின் நிழல் மற்றதைக் கெடுக்காது.

பாதிக் காலத்தில் கட்டி முடியுங்கள்

போட்டிக்குப் பத்து மாதம் இருந்தால் ஐந்தாவது மாதம் வண்டி உருளவேண்டும். வெளிக்கூடு இல்லாவிட்டாலும், பெயின்ட் அடிக்காவிட்டாலும், ஸ்பான்சர் ஸ்டிக்கர் ஒட்டாவிட்டாலும் உருளட்டும். மீதி ஐந்து மாதமும் ஓட்டிக் கெடுத்து, கெட்டதைச் சரிசெய்வதற்கு. கடைசி வாரம்வரை பட்டறையில் வைத்திருந்துவிட்டு, நேராகப் போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டி அங்கேதான் முதல் முறை நூறு கிலோமீட்டரைப் பார்க்கும்.

முதலில் மூடிய மைதானத்தில் 10 கி.மீ., பிறகு 50, அப்புறம் ஒரு முழு நாள். பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி வேண்டும். அது கிடைக்காவிட்டால் மைதானத்திலேயே சுற்றிச் சுற்றி ஓட்டுங்கள். சலிப்புதான், ஆனால் சலிப்பில்தான் தளர்ந்த நட்டு வெளிவரும். எல்லா முக்கிய நட்டுகளையும் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, நட்டிலிருந்து போல்ட் வழியாக அடிச்சட்டம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு நேர்கோடு இழுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. ஸ்பேனர் போடாமலே ஐந்து நிமிடத்தில் முழு வண்டியையும் பார்த்துவிடலாம். திரும்பிய நட்டை மறுபடி இறுக்கினால் மட்டும் போதாது. நைலான் பிடியுள்ள நட்டாக மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை உருளல் சோதனை. சமதளத்தில் 30 கி.மீ. வேகம் எடுத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, தானாக நிற்கும்வரை எவ்வளவு தூரம் என்று அளங்கள். காற்றின் திசை குழப்பாதபடி இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்கவேண்டும். மேலே கணக்குப்போட்ட வண்டி 425 மீட்டர் போல் உருளவேண்டும். போன வாரம் 410 வந்து இந்த வாரம் 300-ல் நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது டயரில் காற்றில்லை, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. எந்தச் சென்சாரையும்விட இது சீக்கிரம் சொல்லும்.

டயர் மாற்றுவதையும் ஒத்திகை பாருங்கள். யார் ஜாக்கி, யார் ஸ்பேனர், யார் சாலையைப் பார்த்துக்கொள்வது என்று முன்பே பிரித்து, கடிகாரம் வைத்து, இருட்டிலும் ஒருமுறை செய்யுங்கள். முதலில் கால் மணி நேரம் ஆகும். கை பழகினால் சில நிமிடங்களில் முடியும்.

ஓட்டுவது

நெடுந்தூர ஓட்டுநருக்கு வேண்டியது அசைக்க முடியாத நிதானம். ஒரு மணி நேரம் 40-லும் ஒரு மணி நேரம் 60-லும் போனால் 100 கி.மீ. வரும். இரண்டு மணி நேரமும் 50-ல் போனாலும் 100 கி.மீ.தான். ஆனால் முதல் வழியில் சுமார் 8 சதவீதம் அதிகம் செலவாகும். முந்திப்போகிற வண்டியைப் பார்த்ததும் காலை அழுத்துகிற ஓட்டுநரை மாற்றுங்கள், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும்.

சாலைப் போட்டியில் முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி என்று பாதுகாப்பு வண்டிகள் சேர்ந்து போகும். உத்தி பார்ப்பவர் பின்வண்டியில் உட்காருவார். ரேடியோவில் பேசுவது ஒருவர் மட்டும். பேச்சு இப்படி இருந்தால் போதும்:

"கவிதா, வேகம்?"
"நாற்பத்தெட்டு அண்ணா. பதினாறு ஆம்பியர்."
"சரி. ரெண்டு கிலோமீட்டர்ல மேடு வருது. ஏறும்போது நாப்பத்திரண்டுக்கு இறங்கட்டும், மிதிக்காத."
"நாப்பத்திரண்டு. சரி."

சொன்ன எண்ணை ஓட்டுநர் திருப்பிச் சொல்வதைக் கவனியுங்கள். அதை வழக்கமாக்கிவிட்டால் இரைச்சலில் தவறாகக் கேட்ட எண் உடனே தெரிந்துவிடும்.

மூடிய கூண்டுக்குள் வெப்பம் கடுமையாக ஏறும். ஓட்டுநருக்குக் குழாய் வழியாகக் குடிக்கத் தண்ணீரும் முகத்துக்குக் காற்று வரும் துளையும் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளையும் மாற்றுங்கள். காற்றுத் துளை காற்றுத்தடையைக் கூட்டும் என்று யாராவது வாதிட்டால், அவரையே உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் உள்ளே உட்காரவையுங்கள். பதில் மந்தமாக வந்தாலோ ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கவேண்டியிருந்தாலோ உடனே வண்டியை ஓரம்கட்டச் சொல்லும் அதிகாரம் ரேடியோ பேசுபவருக்கு இருக்கவேண்டும். ஆசிரியர் அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

பரிசோதனை நாளும் போட்டி நாட்களும்

போட்டிக்கு முன் நடுவர்கள் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பார்கள். இதில் தேறாமல் ஒரு மீட்டர்கூட ஓடாத அணிகள் உண்டு. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, உங்கள் அணியைச் சாராத ஓர் ஆசிரியரிடமோ மெக்கானிக்கிடமோ விதிமுறைப் புத்தகத்தைக் கொடுத்து, கருணையே காட்டாமல் சோதிக்கச் சொல்லுங்கள். வயரிங் படம், பேட்டரியின் பாதுகாப்புத் தாள், பி.எம்.எஸ். எந்த வோல்ட்டில் துண்டிக்கும் என்ற விவரம் எல்லாம் அச்சிட்டு ஒரே கோப்பில் இருக்கட்டும். நடுவர் கேட்டால் வண்டியின் அந்தப் பகுதியைச் செய்த மாணவர்தான் பதில் சொல்லவேண்டும். குறை சொன்னால் வாதாடாமல் எழுதிக்கொண்டு போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

உதிரிப் பொருட்களில் டயர், டியூப், சக்கர பேரிங், பிரேக் கேபிள், ஃப்யூஸ் ஆகியவற்றை எல்லோரும் எடுத்துப்போவார்கள். ஏற்கெனவே அமைத்துச் சோதித்த இரண்டாவது மோட்டார் கன்ட்ரோலரை மறந்துவிடுவார்கள். பெட்டியில் புதிதாகக் கிடக்கும் கன்ட்ரோலர் சாலையோரத்தில் உதவாது.

பயணத்தின்போது மாலை வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை, விதி அனுமதித்தால், தகட்டைச் சூரியனை நோக்கிச் சாய்ப்பது. சூரியன் இறங்கும்வரையும், காலையில் கிளம்பும் முன்பும் இப்படிக் கிடைப்பது சும்மா வருகிற மின்சாரம். ஒருவர் தகட்டைப் பிடித்துக்கொள்ளட்டும், ஒருவர் நட்டுக் கோடுகளைப் பார்க்கட்டும், ஒருவர் டயர் காற்று பார்க்கட்டும், மற்றவர்கள் சமைக்கட்டும். இரவு பத்துக்கு மேல் யாரும் விழித்திருக்கக் கூடாது. தூக்கமில்லாத மாணவன் போடும் கனெக்டரைப் பற்றி மேலேயே சொல்லியாகிவிட்டது.

வண்டி ஓடவே முடியாமல் போனால் டிரெய்லரில் ஏற்றத் தயங்காதீர்கள். பல போட்டிகளில் டிரெய்லரில் போன தூரம் கணக்கில் சேராது, ஆனால் மறுநாள் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். எப்போது ஏற்றுவது என்ற வரம்பைக் காலையிலேயே முடிவுசெய்துவிடுங்கள், உதாரணமாக ஒரு மணி நேரத்தில் சரியாகாவிட்டால் ஏற்றிவிடுவது என்று. அந்த நேரத்தில், அந்த வெயிலில், எல்லோரும் "இன்னும் பத்தே நிமிஷம்" என்பார்கள்.

முடிந்ததும் ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு வேலை இருக்கிறது. பேட்டரியைப் பாதி அளவுக்குக் கொண்டுவந்து இணைப்பைத் துண்டியுங்கள், முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் அது கெடும். அப்புறம் அணி முழுவதும் உட்கார்ந்து, எது உடைந்தது, எங்கே எவ்வளவு நேரம் நின்றோம், அடுத்த வண்டியில் எதை மாற்றவேண்டும் என்று அந்தத் தடித்த நோட்டில் எழுதுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு நோட்டைப் பதினோராம் வகுப்பிடம் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறட்டும்.